இல்லாத களைக்கு அடித்த மருந்து

பாதுகாப்பு என்பது மனித இனம் எட்டிப் பிடித்த சிகரம். அந்தச் சிகரத்தின்மேல் இன்னொரு மாடி எழுப்பி, அதில் ஒரு கூட்ட அறையும் நீள்வட்ட மேசையும் பதினான்கு சுழல் நாற்காலிகளும் போட்டு வைத்திருந்தது ஒரு தீவனப் பண்ணையின் நிர்வாகம். அறுபத்திரண்டு பசுக்களுக்குப் புல் வளர்த்துப் போடுவதுதான் பண்ணையின் வேலை என்று வெளியார் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். புல் தானாக வளர்கிறது. மாடு தானாக மேய்கிறது. தானாக நடக்காதது கூட்டம் ஒன்றுதான். ஆகவே நிர்வாகம் தன் முழுத் திறமையையும் அதில் செலுத்தி வந்தது.

இப்படிப்பட்ட நிறுவனத்திலும் ஒரு குறை இருந்தது. மருந்து அடிக்கிறவள் லேபிளைப் படித்துவிடுவாள்.

பதினொரு வருடமாக முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு புல்வெளியில் களைக்கொல்லி அடிப்பவள் அவள். கேன் கைக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருப்பதையும் விடாமல் வாசிப்பாள். சந்தேகம் வந்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பண்ணையில் அவளுக்கு லேபிள் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் கணவன் அதே பண்ணையின் மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்தான். வீட்டில் உப்புப் பொட்டலத்தைக்கூட அவள் படிக்காமல் பிரிப்பதில்லை என்று அவன் அலுத்துக்கொள்வது உண்டு. ஆனால் அலுத்துக்கொண்டே, அவள் படித்து முடிக்கும்வரை சோற்றைத் தொடமாட்டான்.

அந்த வருடம் கிழக்குப் புல்வெளியில் மஞ்சள் பூக்களோடு ஒரு களை கிளம்பியது. பார்க்க லட்சணமாக இருக்கும். தின்ற மாட்டின் கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பச்சையாக இருக்கும்போது கசப்பு என்பதால் மாடு அதை ஒதுக்கிவிட்டுப் புல்லை மட்டும் மேயும். விவகாரம் அதற்கப்புறம்தான். மருந்து பட்டு வாடும்போது செடி இனிக்கத் தொடங்கும். ஆனால் விஷம் போகாது. மாடு தேடிப் போய்த் தின்னும். அறுத்து உலர்த்தித் தீவனத்தில் கலந்துவிட்டாலோ, எது புல், எது விஷம் என்று எந்த மாட்டாலும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே மருந்து அடித்தபின் இருபத்தொரு நாளாவது மாட்டை உள்ளே விடக்கூடாது, செடி மக்கி மறையும்வரை அறுக்கக் கூடாது, காற்று வீசும்போது அடிக்கக் கூடாது, ஓடைக் கரையிலிருந்து இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். எல்லாம் லேபிளில் இருந்தது. அவள் படித்திருந்தாள்.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. 'பாதுகாப்பான, பொறுப்பான தெளிப்பு வாரம்' என்று ஒன்றை அறிவித்தது. இதற்கென்றே ஒரு பாதுகாப்பு ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். பளபளக்கும் காலணி போட்டிருந்ததால் அவர் புல்வெளிக்குள் இறங்கவில்லை. இறங்காமலேயே அறிவுரை சொல்லும் அளவுக்கு அனுபவம் உள்ளவர் என்று மேலாளர் அவரை அறிமுகப்படுத்தினார். தெளிப்பைப் பற்றித் தெளிவு பெறுவதற்காகக் கூட்டம் கூடியது. சற்று நேரத்தில் களைகட்டிவிட்டது. புல்வெளியில் ஏற்கெனவே கட்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, விருந்தினர்கள் முன்னிலையில், லேபிள் அக்கா முழுக் கவச உடையில் மருந்து அடிக்க வேண்டும் என்று முடிவானது. அதைப் புகைப்படம் எடுக்கவும் ஏற்பாடு. அதே படத்தில், ஒரு பக்கமாக, நாலைந்து மாடுகள் மகிழ்ச்சியாக மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். தெளிப்பு பாதுகாப்பானது என்பதற்கு மாட்டைவிடப் பெரிய சாட்சி ஏது என்று ஆலோசகர் கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அவள் மட்டும் எழுந்து, லேபிளில் அப்படிச் செய்யக்கூடாது என்று போட்டிருக்கிறது என்றாள்.

ஆலோசகர் சிரித்தார். "மாட்டுக்கு லேபிள் படிக்கத் தெரியாதும்மா."

"அதனாலதான் சார் நான் படிக்கிறேன்."

அடுத்து அவள் காற்றைப் பற்றிச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. அடிக்கிற மருந்து களைமேல் விழாமல் ஓடையில் விழும், விருந்தினர்கள் மேலும் விழும் என்றாள். விருந்தினர்கள் மேல் விழும் என்றதும் மேலாளருக்குக் கவலை வந்தது. ஆலோசகர் அமைதியாகத் தன் பையிலிருந்து காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்தார். ஏசியை நிறுத்தச் சொன்னார். சன்னலைச் சாத்தச் சொன்னார். கருவியை மேசைமேல் வைத்து அளந்தார். பூஜ்யம். தலைமை எழுத்தர் அதைப் படிவத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

"காத்து எங்கம்மா இருக்கு?" என்று மேலாளர் கேட்டார்.

"வெளியில சார்."

"வெளியில இருக்கிற காத்துக்கு நிர்வாகம் எப்படிம்மா பொறுப்பாகும்?"

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. அப்படியானால் டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றி அடிக்கட்டுமா என்று குத்தலாகக் கேட்டுவிட்டாள்.

ஆலோசகர் மெதுவாக எழுந்தார். கண்களில் ஈரம் தெரிந்தது. நேராக நடந்துபோய் மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருட அனுபவத்தில் நூற்றுக்கு நூறு பாதுகாப்பான தெளிப்பை இன்றுதான் சந்திக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. பூட்ஸ், கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு லேபிள் அக்கா களைக்குத் தண்ணீர் பாய்ச்சினாள். முகம் மூடியிருந்ததால் அவள் முகபாவம் படத்தில் வரவில்லை, அதுவும் நல்லதுதான். வெயிலில் தாகமெடுத்த ஒரு பசு வந்து தெளிப்பு முனையை நக்கியது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். அவள் கணவன் மட்டும் வேலி ஓரத்தில் நின்று, பற்களைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

மாலையில் தலைமை எழுத்தர் அறிக்கை தயாரித்தார். விபத்து: பூஜ்யம். காயம்: பூஜ்யம். செத்த மீன்: பூஜ்யம். கடைசியில் 'மீதமுள்ள களை' என்றொரு கட்டம் இருந்தது. மேலே உள்ள கட்டங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் அதிலும் பூஜ்யம் போட்டார். கிழக்குப் புல்வெளியில் களை அதிகாரபூர்வமாக ஒழிந்தது. தண்ணீர் கிடைத்த சந்தோஷத்தில் அது அந்த வாரத்திலேயே ஒரு சாண் வளர்ந்தும்விட்டது.

பத்து நாள் கழித்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். கிழக்குப் புல்வெளி நாற்பது நாளில் அறுவடை. அறுத்த புல் உலர்த்திக் கட்டுகளாக்கி, வறட்சிக் காலம் முழுவதும் அறுபத்திரண்டு மாடுகளுக்கும் தீவனம்.

அன்று சாயங்காலம் கணவன் கொட்டகையைக் கழுவிக்கொண்டே, முன்பு வேலை பார்த்த பண்ணையில் நடந்ததைச் சொன்னான். அதுவரை அவன் அதைச் சொன்னதே இல்லை. அங்கேயும் இதே மஞ்சள் பூ. கட்டுத் தீவனத்தில் கலந்து போய்விட்டது. மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மாடுகள் இளைத்தன. "சுவத்துல தலைய முட்டிக்கிட்டே நிக்கும். தள்ளினாலும் நகராது. என்ன பண்ணுதுன்னு வாயத் திறந்து சொல்லவா போகுது? பதினெட்டு மாடு," என்றான். குழாயை மூட மறந்து நின்றான். அவள்தான் போய் மூடினாள்.

மறுநாள் காலை அவள் தலைமை எழுத்தரிடம் போய், கிழக்குப் புல்வெளிக்கு மருந்து அடிக்க அனுமதி கேட்டாள்.

"எந்தக் களைக்கு?"

"மஞ்சள் பூக் களைக்கு சார்."

அவர் கோப்பைப் புரட்டினார். "அது விழா அன்னைக்கே ஒழிஞ்சிடுச்சே."

"சன்னல்ல எட்டிப் பாருங்க சார், தெரியுது."

அவர் பெருமூச்சு விட்டார். சன்னலில் தெரிவதற்கெல்லாம் அனுமதி தர ஆரம்பித்தால் கோப்பு எதற்கு என்று பொறுமையாக விளக்கினார். அத்தோடு, களைக்கொல்லிக் கேன் விழா அன்றே செலவாகிவிட்டதாகப் பதிவாகி இருப்பதால், புதிதாகக் கேட்டால் பழையது எங்கே போனது என்ற கேள்வி வரும் என்றும் எச்சரித்தார்.

பழையது எங்கேயும் போகவில்லை. சீல் உடையாமல் கருவி அறையின் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

நாலு நாள் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் விடிந்ததும் காற்று நின்றது. ஒரு கைப்பிடி காய்ந்த புல்லை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். நேராகக் காலடியில் விழுந்தது. மழை வருகிற குறியும் இல்லை. லேபிளில் சொன்ன அளவு கலந்து, கவசமெல்லாம் மாட்டி, ஓடையிலிருந்து இருபது அடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டி, கோப்பில் இல்லாத மருந்தைக் கோப்பில் இல்லாத களையின்மேல் அடித்தாள். புல்லை விட்டுவிட்டுச் செடி செடியாகத் தேடிப் பிடித்து அடித்ததில், வெயில் ஏறுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போல் ஆகிவிட்டது. கரையோரச் செடிகளைக் கையுறையோடு வேரோடு பிடுங்கினாள். கேனை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் களைமேலேயே அடித்து முடித்தாள். வாசலில் 'மருந்து அடித்திருக்கிறது, உள்ளே வராதீர்கள்' என்று பலகை வைத்தாள். பார்த்தவர்கள் விழாவில் மிஞ்சிய அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாட்டை இருபத்தொரு நாள் எப்படித் தடுப்பது என்பதுதான் பாக்கி. களையே இல்லாத புல்வெளியில் மேய்ச்சலை நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்பார்கள். கணவன் யோசித்தான். மேய்ச்சலுக்கு ஓட்டுகிற வாசலில் தாழ்ப்பாள் ஆட்டம் கண்டிருப்பதாகவும், பழுதுபார்த்துத் தரும்படியும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான். நிர்வாகம் விழித்துக்கொண்டது. தாழ்ப்பாள் சரியாகும்வரை அந்த வாசலை யாரும் திறக்கக் கூடாது என்று அன்றைக்கே சீல் வைத்தது. தாழ்ப்பாளை ஆய்வு செய்ய ஒருவர், ஆய்வைச் சரிபார்க்க ஒருவர் என்று ஏற்பாடானது. ஒரு திருகாணியை முடுக்க இருபத்தாறு நாள் ஆயிற்று. அந்த நிர்வாகம் மாடுகளுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். அதையும் தெரியாமல்தான் செய்தது.

சீல் எடுத்த அன்று கணவனும் மனைவியும் புல்வெளியை அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்தார்கள். களை கருகி மக்கிப் போயிருந்தது. அங்கங்கே மிஞ்சிய காய்ந்த தண்டுகளைப் பொறுக்கி, வேலிக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார்கள். அறுவடை நடந்தது. புல் உலர்ந்து கட்டுகளாகி அடுக்கப்பட்டது. வறட்சிக் காலம் வந்தது, மாடுகள் தின்றன. நாலு மாதம் ஆகியும் ஒரு மாடுகூட இளைக்கவில்லை. தினமும் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கணவன் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். சுவர் ஓரம் காலியாக இருக்கும். அதை அவன் அவளிடம் சொல்வதில்லை. பாலைக் கறந்துகொண்டே சீட்டியடிப்பான், அவளுக்கு விளங்கிவிடும்.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழை பெய்து, அடுத்த பூக்கும் பருவம் தொடங்கியபோது, ஆண்டறிக்கையின் அட்டைக்குப் படம் எடுக்க ஆலோசகர் வந்தார். மஞ்சள் பூக்களுக்கு நடுவே மாடுகள், அடியில் 'இயற்கையோடு கைகோத்து' என்ற வாசகம். எல்லாம் அவர் மனத்தில் தயாராக இருந்தது. புல்வெளியைப் பார்த்தார். வெறும் புல். இப்படியொரு அவமானத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

விசாரணை கூடியது. பதினான்கு நாற்காலிகளும் நிறைந்தன. லேபிள் அக்கா எதையும் மறைக்கவில்லை. என்றைக்கு அடித்தாள், எவ்வளவு கலந்தாள், காற்று எப்படி இருந்தது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். அனுமதி இல்லாமல் அடித்ததற்கு என்ன தண்டனையோ அதைத் தான் வாங்கிக்கொள்வதாகவும், கணவனை இதில் இழுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அவள் அழித்தது களை அல்ல என்றார் ஆலோசகர். "களை விழா நடந்த வியாழக்கிழமையே ஒழிஞ்சிடுச்சு. ரெக்கார்டு இருக்கு. அதுக்கப்புறம் அங்க இருந்தது பூ."

"விஷம் சார் அது. தின்னா மாடு செத்துடும்."

மேலாளர் நல்ல மனிதர். ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அவள் பக்கத்து நியாயத்தையும் பதிவு செய்யச் சொல்லித் தலைமை எழுத்தருக்குச் சைகை காட்டினார். எழுத்தர் பேனாவைத் திறந்தார். மேலாளர் கனிவோடு கேட்டார்.

"எத்தனை மாடும்மா செத்துச்சு?"

"ஒண்ணும் சாகல சார்."

"நோய் கீய்?"

"அதுவும் இல்ல சார்."

பேனா காகிதத்தின்மேல் அப்படியே நின்றது. மேலாளர் உண்மையாகவே வருந்தினார்.

"அப்ப விஷம்னு நாங்க எப்படிம்மா எழுதறது? ஒரு மாடாவது செத்திருந்தா உன் பக்கம் ஒரு ஆதாரம் இருந்திருக்கும்."

ஆதாரம் இல்லாத காரணத்தால் அவள்மேல் குற்றம் உறுதியானது. ஆறு மாதம் அவள் தெளிப்பானைத் தொடக்கூடாது. இனிமேல் இந்தப் பண்ணையில் ஏற்கெனவே வெற்றி கண்ட தண்ணீர் முறை மட்டுமே பின்பற்றப்படும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சன்னலுக்கு வெளியே, ஆதாரமாகத் தவறிய அறுபத்திரண்டு மாடுகளும், நிறுவனத்தின்மேல் கொஞ்சங்கூட அக்கறை இல்லாமல், உயிரோடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.