தோப்புக்குள் போன பந்து

பந்து இடுகாட்டுத் தோப்புக்குள் போய்விட்டது. ஐந்தாம் வகுப்பின் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று சவாகோ டீச்சர் கிளம்பியதும், மலித்தா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பிலேயே குள்ளமான பெண், வாய் மட்டும் நீளம்.

"வேணாம் டீச்சர்! குழி வெட்டறவங்களத் தவிர அங்க யாரும் போகக் கூடாது."

"அப்போ பந்து?"

"அவங்க மனசு வெச்சாத் தருவாங்க."

"யாரு?"

மலித்தா தோப்புப் பக்கம் கண்ணைக் காட்டினாள். மற்ற பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

மலாவியின் அந்தக் கிராமப் பள்ளிக்கு இருந்ததே ஒரு பந்து. அதிலும் பாதிதான் காற்று. பம்பின் குழாயை எலி தின்று ஆறு மாதமாகிறது. ஜப்பானிலிருந்து இரண்டு வருஷத் தொண்டு வேலைக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வந்த சவாகோ, கையை வீசிக் காட்டியே பாதி வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

தலைமையாசிரியர் கச்சாலே இரக்கமில்லாதவர் இல்லை. பள்ளிச் சோளக் கொல்லைமேல் கொஞ்சம் கூடுதல் இரக்கம், அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றார், மேடம். பந்து, கயிறு, கம்பம் ஒண்ணும் இல்லேன்னா அந்தப் பீரியட்ல பசங்க களை வெட்டட்டும். நீங்க ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக சவாகோவுக்கு மனசே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பந்து மைதானத்தின் நடுவில் இருந்தது. பிரிந்த தையல் தைக்கப்பட்டிருந்தது. தட்டிப் பார்த்தாள். கல்லு மாதிரி காற்று!

"யாரு காத்தடிச்சாங்க?"

"ஊர்ல பம்பே இல்லையே, டீச்சர்" என்றாள் மலித்தா.

வேறு யாராவதாக இருந்தால் பந்தை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள். சவாகோ அப்படி வளர்க்கப்பட்டவள் இல்லை. அவள் ஊரில் ஒருவர் ஒன்று கொடுத்தால் பதிலுக்கு ஒன்று கொடுக்காமல் விடுவது மானக்கேடு. தோப்பைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். அம்மா அனுப்பிய அரிசி முறுக்குப் பொட்டலத்தை முதல் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அங்கேதான் தொடங்கியது.

புதன்கிழமை பொட்டலத்தைக் காணோம். அதே இடத்தில் மரப்பட்டை நாரில் திரித்த தாண்டுகயிறுகள் கிடந்தன. எண்ணினால் நாற்பத்து மூன்று. குள்ளப் பெண்ணுக்குக் குட்டையாக ஒன்று.

மலித்தாவின் உயரம் தோப்புக்கு எப்படித் தெரியும்? சவாகோவின் கைமயிர் சிலிர்த்தது. ஆனாலும் மரியாதை மரியாதைதான். இதற்கும் பதில் செய்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்து, தன் புதுத் துண்டை மடித்து வைத்தாள்.

விஷயம் முடியவில்லை. வியாழக்கிழமை இரண்டு கோல் கம்பங்கள் நட்டிருந்தன. ராத்திரி அவள் அறையில் உட்கார்ந்து காகிதத்தில் வரைந்த அதே அளவு. அந்தக் காகிதத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை. கம்பத்தைச் சுற்றி வெறுங்கால் தடங்கள். தோப்பிலிருந்து வந்த தடம் இருந்தது, திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

"இந்த மரம் ஏது, மேடம்?" என்று கச்சாலே கேட்டார். "தோப்பு மரத்த வெட்ட ஊர்ல எவனுக்கும் தைரியம் கிடையாதே!"

"நன்கொடை சார்" என்றாள் சவாகோ. பொய்யில்லை.

அன்று பள்ளி விட்டதும் கடைசியாக ஒரு பெரிய மரியாதையாகச் செய்துவிடலாம் என்று தன் ஓட்டப் பந்தயக் காலணியையே மரத்தடியில் வைத்தாள். திரும்பி நாலு எட்டு நடந்திருப்பாள்.

"இச்சி... நி... சான்... ஷி..."

காலைப் பயிற்சிக்கு அவள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த ஜப்பான் எண்ணிக்கை. தோப்புக்குள்ளிருந்து, தடித்த ஆண் குரல்களில், ஒரே சீராக வந்தது. எட்டில் நின்றது. எட்டு வரைதான் அவள் சொல்லித்தந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்த்தவர் அசந்துபோனார். நாற்பத்து மூன்று கயிறும் ஒன்றாகச் சுழன்றன. "மாவட்டத்துலயே இப்படி ஒரு வகுப்பு கிடையாது! களை வெட்டறதெல்லாம் வேண்டாம். மேடத்துக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு எழுதுறேன்" என்றார். சவாகோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் போனதும் பார்த்தாள். கோல் கம்பத்தில் ஒரு விசில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு அவள் கழுத்துக்குச் சரியாக இருந்தது.

விசிலோடு நேரே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் நச்சிசாலேயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "நல்லவங்கதானே அக்கா? உதவிதானே செஞ்சிருக்காங்க?"

"அவங்க குடுத்தது சரி. நீங்களும் குடுத்தீங்களா?"

"குடுக்காம? முறுக்கு, துண்டு, காலணி."

நச்சிசாலேயின் அகப்பை பானைக்குள் விழுந்தது.

"ரெண்டு பக்கமும் கோழி மாத்திக்கிட்டா இங்க கல்யாணம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், டீச்சரம்மா. வேலைக்குப் பேசறதும் அப்படித்தான். மூணு தடவ மாத்தியிருக்கீங்க."

"நான் இங்க வேலையிலதானே இருக்கேன்? ஒரு வருஷம் நீட்டிச்சும் குடுத்துட்டாங்களே!"

நச்சிசாலே தோப்பைப் பார்த்தாள், பிறகு விசிலைப் பார்த்தாள்.

"இங்கதான் நீட்டிப்பு, டீச்சரம்மா. அங்க நிரந்தர வேல."