இருபத்திரண்டு சன்னமும் ஜோசப்பும்

ஒரு உண்மையைச் சொல்லிப்போடுறன். எங்கட வீட்டில ஒரு சாமான் இருக்கோ எண்டு ஆர் வந்து கேட்டாலும் என்ட வாயில முதல் வாறது "இல்லை" எண்ட சொல்லுத்தான். சீனி இருக்கோ? இல்லை. தலையிடிக் குளுசை இருக்கோ? இல்லை. (அலுமாரிக்குள்ள மூண்டு அட்டை கிடக்கும்.) இது கள்ளப்புத்தி இல்லை, களைப்பு. பாணுக்கு வரிசையில நிண்டாச்சு, மண்ணெண்ணெய்க்கு நிண்டாச்சு, பால்மாவுக்கு நிண்டாச்சு. காஸ் இல்லாத அந்த வருஷம் வெறுஞ்சிலிண்டருக்குப் பக்கத்தில கதிரை போட்டுக் குந்தியிருந்து, கடைசியில அந்தச் சிலிண்டரோடயே கதைக்கத் தொடங்கிட்டன். அதுவும் நல்லாக் கேட்டுக்கொண்டு இருந்தது.

இந்தப் புத்தியால ஒரு மனிசன் செத்துப்போனான். பேர் ஜோசப். மட்டக்குளியில பஸ் ட்ரைவர். (பயப்படாதேங்கோ, ஆள் கடதாசியில மட்டும் இருந்தவர்.)

என்ட மகளிட மகள் மயூரி. கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில வெள்ளவத்தை பிளாட்டில எங்கட சாப்பாட்டு மேசையைத் துடைச்சுப்போட்டு, மூண்டு கூட்டாளிமாரோட ஒரு விளையாட்டு விளையாடுவாள். கரம்போட் இல்லை, காட்ஸ் இல்லை, எல்லாம் வாயால. கொழும்பில செத்த சனம் எழும்பி நடக்குது, கண்ட கண்ட ஆக்களைக் கடிக்குது. ஜொம்பியாம் அதுகளுக்குப் பேர். நீங்கள் இப்ப என்ன செய்யப் போறியள் எண்டு மயூரி கேப்பாள். மற்ற மூண்டு பேருக்கும் ஆளுக்கொரு வேஷம். நான் ஓடுறன், நான் ஒளிக்கிறன், நான் சுடுறன் எண்டு சொல்லுவினம். சரிவந்ததோ இல்லையோ எண்டு பாக்க, தாயக்கட்டை மாதிரி ஒண்டு, இருபது முகம் அதுக்கு, அதை உருட்டுவினம். கூட விழுந்தாத் தப்பலாம், குறைய விழுந்தாப் போச்சு. வேலைக்குப் போற பிள்ளையள். ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளாமல் இருந்து பிணம் சுடுதுகள்.

மயூரிக்குப் பெரிய புளுகமும் பெருமையும் தான் எழுதின ஒரு சட்டத்தில.

"மற்ற விளையாட்டுகளில சுடுற சன்னம் பைப்பைத் திறந்த மாதிரி வரும் அம்மம்மா. என்டதில நிஜம் மாதிரி. கொழும்பில எத்தினை வீட்டில துவக்கு இருக்கு, சொல்லுங்கோ?"

"எங்கட வீட்டில இருக்கோ எண்டு சண்டைக் காலத்தில பொலிஸும் ஆமியும் தேடி வந்தவை பிள்ளை. அலுமாரியெல்லாம் இழுத்துக் கொட்டிப்போட்டுப் போனவை. நீயும் வந்து பாரன்."

"பாத்தீங்களோ! அப்ப பத்து வீடு தேடினா ஒரு சன்னம் கிடைக்கும். அதுதான் நிஜம்."

இவையளிட விளையாட்டில ஒரு நெருப்புக்குச்சி ஒரு சன்னம். சுட்டா குச்சியை முறிச்சுப் பீங்கானில போடோணும், திரும்பி வராது. குச்சியெல்லாம் ஒரு நெருப்புப்பெட்டிக்குள்ள. பெட்டி ஒராளிட கையில. மற்ற ஆக்கள் திறந்து பாக்கக் கூடாது, எத்தினை மிச்சமெண்டு அந்த ஆளிட்டைத்தான் கேக்கோணும். மயூரிகூட எண்ண மாட்டாள். பயத்தில ஓடேக்க ஆருக்கும் எண்ணிக்கை தெரியாதாம், அதுவும் நிஜமாம்.

பெட்டிக்காரன் ஜோசப், கதையில அது அவன்ட தோளில கொழுவின சன்னப் பை. ஜோசப்பா விளையாடுறவன் இம்ரான். எங்கட மேல்மாடியில இருக்கிற பிள்ளை, லிப்ட் பழுதெண்டா என்ட காஸ் சிலிண்டரைத் தோளில வச்சுக்கொண்டு வருவான். அவன்ட தங்கச்சி ரிஸ்னா நேர்ஸ் வேஷம், அவளிட்டைக் கைத்துவக்கு. கபிலன் எண்டு நெட்டைப் பெடியன் ஒருத்தன் பொலிஸ் வேஷம், அவனிட்டை நீட்டுத் துவக்கு. எட்டு மாசமா இந்த மூண்டு பேரும் கொட்டாஞ்சேனையில ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ள ஒளிச்சிருக்கினம். துறைமுகத்தில ஒரு கப்பல் நிக்குது. அதில ஏறிட்டா விளையாட்டு முடிஞ்சுது, தப்பியாச்சு.

கப்பல் ஏறுற ஞாயிறு வந்தது, இம்ரானுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில கிடக்கிறான். தள்ளி வைக்கவும் ஏலாது, கபிலன் புதன்கிழமை டோகாவுக்கு வேலைக்குப் போறான். அப்ப ஜோசப்புக்கு ஆர்? வீட்டில மிச்சமா இருந்தது நான்தான். சும்மா கதிரையில இருந்தாப் போதும் எண்டு மயூரி சொன்னாள். கதிரையில இருக்கிறதில எனக்கு அனுபவம் இருக்குதெண்டு நானும் ஓமெண்டிட்டன்.

கட்டிலில கிடந்தபடி இம்ரான் போன் எடுத்தான். குரலே இல்லை பிள்ளைக்கு.

"அம்மம்மா, எனக்கு ஒரு உதவி செய்ங்க. ஜோசப்ப உயிரோட கப்பல்ல ஏத்துங்க. வேற ஒண்டும் வாணாம். எட்டு மாசம் அவன்ட ஒடம்புல ஒரு பல்லுப் பட உடாம வெச்சீக்கிறன்."

"இதென்ன பெரிய வேலை. நீ தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் படு மகன்."

"ஜோசப் நல்ல மனிசன் அம்மம்மா. பொய் செல்ல மாட்டார்."

(இதை அவன் ரெண்டுதரம் சொல்லியிருக்கோணும்.)

பெட்டி என்ட கைக்கு வந்தது. மேசைக்குக் கீழ வச்சு எண்ணினன். இருபத்தேழு. மயூரி தான் கீறின படத்தை விரிச்சாள். மண்டபம், ஒழுங்கை, துறைமுகம். நான் பாத்துப்போட்டு, "பிள்ளை, இந்த ஒழுங்கை துறைமுகத்துக்குப் போகாது, ஜிந்துப்பிட்டிக் கோயிலடிக்குத்தான் போகும்" எண்டன். கொட்டாஞ்சேனையில இருக்கேக்க நாப்பது வருஷம் நடந்த ஒழுங்கை. மயூரிக்கு முகம் சுருங்கிட்டுது. அதைத் திருத்தவே கால்மணித்தியாலம். கபிலன் அதுக்குள்ள ஆறு வடை.

அந்த நேரம் பாத்து கால்மாட்டில நுளம்பு. அங்க ஒரு பிள்ளை டெங்குவில கிடக்குது, இங்க எங்கட காலில நுளம்பு. எழும்பி நுளம்புச்சுருளை எடுத்தன், கையில பெட்டி இருந்தது, ஒரு குச்சியை உரசினன். அணைஞ்சுபோச்சு. இன்னொண்டை உரசினன். பத்திச்சுது.

நிமிந்து பாத்தா மூண்டு பேரும் வாயைத் திறந்தபடி.

"அம்மம்மா," எண்டாள் மயூரி மெல்லமா, "நீங்கள் இப்ப ரெண்டு வெடி வச்சிட்டீங்கள்."

"நுளம்புச்சுருள் பத்தவச்சனான்."

"குச்சி எரிஞ்சா சுட்டதுதான். சட்டம். ஜோசப் மண்டபத்துக்குள்ள நிண்டு, நேர்ஸிட துவக்கைப் பறிச்சுக் கூரையைப் பாத்து ரெண்டு வெடி..."

"ஏன் சுட்டவர்?" எண்டு கபிலன்.

"நுளம்புக்கு," எண்டாள் ரிஸ்னா.

சத்தம் கேட்டா அதுகள் வருமாம். வந்துதுகள். கொட்டாஞ்சேனை முழுக்க எழும்பி வாசலுக்கு வந்திட்டுது. இன்னும் கதையே தொடங்கேல்லை.

அந்த நேரம்தான் எனக்குப் பயம் பிடிச்சது. விளையாட்டெண்டு தெரியும். ஆனா அந்தப் பிள்ளையிட குரல் காதுக்குள்ள கிடந்தது. இருபத்தஞ்சு குச்சி, வாசலில ஒரு ஊர்ச்சனம், ஜோசப்புக்கு முழங்கால் வருத்தமெண்டு மயூரி வேற எழுதி வச்சிருக்கிறாள். (எனக்கும் அதே கால்தான்.) மற்ற ரெண்டும் இளந்தாரியள், ஓடித் தப்புங்கள். ஜோசப் ஓடுவானோ? அவனுக்குத்தான் கடைசியில சன்னம் தேவைப்படும். அப்ப நான் என்ன செய்யோணும்? வச்சிருக்கோணும். வைக்கிறதுதானே எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை.

ரிஸ்னா வாசலடியில நிண்டு கத்துறாள். "ஜோசப் அண்ணே, வாசல் கேட்டு ஒடையப் போகுது! எத்தின ஈக்கி?"

"ரெண்டு இருக்கும் பிள்ளை."

"ரெண்டா? இம்ரான் நானா போன கெழம இருவத்தேழெண்டு சென்னாரே!"

"நானாக்குக் காய்ச்சல். அவர் அப்பிடித்தான் பிசத்துவார்."

ரெண்டைக் குடுத்தன். ரெண்டும் போச்சு. பிறகு கபிலன் கூரையில ஏறி நிண்டுகொண்டு, "அண்ணை, மூண்டு எறியுங்கோ, வழி எடுத்துத் தாறன், ஓடிப் போவம்" எண்டான்.

"ஒண்டுதான் கிடக்குது. பாத்துச் சுடு."

"ஒண்டை வச்சு என்னெண்டு அண்ணை வழி எடுக்கிறது?"

"மெல்லமா எடு."

பெட்டியை ஹவுஸ்கோட் பொக்கற்றுக்குள்ள இறக்கிட்டன், குலுங்கிச் சத்தம் போட்டிடும் எண்டு. என்ட கை அந்தப் பொக்கற்றை அமத்திக்கொண்டு இருந்ததை நானே பிறகுதான் கண்டனான். கொட்டாஞ்சேனையில இருக்கேக்க, காஸ் இல்லாத வருஷம், பக்கத்து வீட்டு மேரியக்கா ஒருநாள் வந்து, "உங்கட்ட ஒரு சிலிண்டர் மேலதிகமா இருக்கோ தங்கச்சி, பேத்திக்குப் பால் சுடவைக்கோணும்" எண்டு கேட்டவ. நான் கட்டிலுக்குக் கீழ சீலையால மூடி வச்சிருந்தனான். இல்லையெண்டன். இதே கையாலதான் அண்டைக்குக் கட்டில் விரிப்பைக் கீழ இழுத்து விட்டனான். மேரியக்கா உடைஞ்ச கதிரைக்காலை எரிச்சுப் பால் சுடவச்சவ. புகை எங்கட வீட்டுக்குள்ள வந்தது. அந்தக் கதை போகட்டும், அதுக்குச் சிரிப்பு வராது.

கேட் உடைஞ்சது. ரிஸ்னா வெறுங்கையோட நிண்டு உருட்டினாள், நாலு விழுந்தது. நேர்ஸிட கதை முடிஞ்சுது. கபிலன் கூரையால குதிச்சு அவளைக் காப்பாத்தப் போனான், அவனுக்கு விழுந்தது ரெண்டு. எட்டு மாசம் வளத்த ஆக்கள் அஞ்சு நிமிஷத்தில போய்ச் சேந்திட்டினம். ரிஸ்னா கதிரையில சாஞ்சு, "அனே, சரி, எங்கட மவுத்து வாசலிலதான் எழுதி ஈக்கி" எண்டாள். கபிலனுக்குக் கண் கலங்கின மாதிரி. வடையைக்கூடத் தொடேல்லை.

எல்லாரும் என்னைப் பாத்தினம்.

"ஜோசப் மட்டும்தான் உயிரோட," எண்டாள் மயூரி. "மண்டபத்துக்குள்ள முப்பது பேர் வருகினம். கையில சன்னமும் இல்லை. அம்மம்மா, ஜோசப் என்ன செய்யிறார்?"

இதுக்குத்தானே நான் காத்துக்கொண்டு இருந்தது! பொக்கற்றுக்குள்ள கையை விட்டன். பெட்டியை எடுத்தன். மேசையில கவிட்டுக் கொட்டினன். இருபத்திரண்டு குச்சி, ஒண்டொண்டா உருண்டுது.

"சுடுறார்," எண்டன். நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னனான், அதையும் சொல்லத்தான் வேணும்.

 நுளம்புச்சுருள் மட்டும் எரியுது.

மயூரி என்ட கையைப் பிடிச்சாள். வருத்தக்காரருக்குச் சொல்லுற மாதிரி மெல்லமாச் சொன்னாள்.

"எதால அம்மம்மா சுடுறார்?"

"எதாலயோ? துவக்கால."

"துவக்கு ரெண்டும் வெளியில கிடக்குது. அவையளிட பிணத்துக்குப் பக்கத்தில. ஜோசப்பிட்டைச் சொந்தமா ஒருநாளும் துவக்கு இருந்ததில்லை."

நான் ரிஸ்னாவைப் பாத்தன். ரிஸ்னா குச்சியளைப் பாத்தாள். கபிலன் எழும்பிப் போய்ச் சுவரில நெத்தியை வச்சுக்கொண்டு நிண்டான்.

"எறியேலாதோ?" எண்டு கேட்டன். "கையால?"

சொன்னா நம்ப மாட்டீங்கள், என்ட பேத்தி நேர்மையான பிள்ளை, அதுக்கும் ஒருக்கா உருட்ட விட்டாள். ஒண்டு விழுந்தது.

போனை ஆர் எடுக்கிறதெண்டு இழுபறி. கடைசியில என்ட கையிலதான் தந்தினம். இம்ரான் எடுத்த உடனை, "ஏறிட்டாரா?" எண்டான். நான் முழுக்கச் சொன்னன். நுளம்பும் சொன்னன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சேலைன் ஊசி கழண்டிட்டுதோ எண்டு பயந்துபோனன்.

"எத்தின மிச்சம்?" எண்டான் பிறகு.

"இருபத்திரண்டு."

"இருவத்திரண்டு." திருப்பி ஒருக்காச் சொன்னான். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினான், சிரிச்சு, இருமி, நேர்ஸ் வந்து போனைப் பறிக்கிற மட்டும் சிரிச்சான். சிரிப்புக்குள்ள அழுகையும் கிடந்தது. எனக்கு அது கேட்டது. 

சுகமாகி வந்தான். சிலிண்டரும் தூக்கித் தந்தான். ஆனா ஜோசப்பிட கதையை மயூரி அப்பிடியே விடேல்லை. கடிபட்டவன் எழும்பி நடக்கோணும், அதுவும் அவளிட சட்டம். ஜோசப் எழும்பிட்டான். பை இன்னும் தோளில கொழுவினபடி, இருபத்திரண்டு சன்னமும் உள்ளுக்க, கொட்டாஞ்சேனை ஒழுங்கையெல்லாம் நொண்டி நொண்டித் திரியிறான். புது விளையாட்டு, புது ஆக்கள். கபிலன் டோகாவில இருந்து போனில. இவையளிட்டை சன்னமே இல்லை. கொழும்பில இருக்கிறது முழுக்க அந்தப் பையிலதான். அதை எடுக்கிறதெண்டா ஜோசப்பைச் சுடோணும், சுடச் சன்னம் வேணும். அந்தப் பிணத்துக்கு இவையள் வச்ச பேர் அம்மம்மா. "அம்மம்மா வாறா, ஓடு, ஓடு" எண்டு என்ட வீட்டு மேசையிலயே இருந்து கத்துதுகள். மருமகன்கூட இப்ப சாவி துலைஞ்சாலும், ரிமோட் துலைஞ்சாலும், "ஜோசப்பிட பையிலதான் கிடக்கும்" எண்டுதான் சொல்லுவார்.

போன ஞாயிறு இம்ரானுக்கு எங்கயோ தேடி ஒரே ஒரு சன்னம் அம்பிட்டுது. பதுங்கிப் பதுங்கி ஜோசப்புக்குக் கிட்டப் போயிட்டான். நான் குசினியில வடை சுட்டுக்கொண்டு நிண்டனான். கட்டை உருளுற சத்தம் கேட்டது. எண்ணெய்ச் சத்தத்தில மற்றது ஒண்டும் கேக்கேல்லை.

காஸை நிப்பாட்டிப்போட்டு, கரண்டியைக் கையில பிடிச்சபடி காதைக் குடுத்துக் கேட்டன். இம்ரானுக்குக் குறி தப்பிட்டுது.