தேனில் போட்ட கட்டி

கொல்லிமலையில் மிளகுக்காரரிடம் திட்டு வாங்காத ஆள் இன்னும் பிறக்கவில்லை. சோளக்காடு சந்தையில் மிளகும் தேனும் விற்பவர். பஸ் தாமதமானால் டிரைவரைத் திட்டுவார், சீக்கிரம் வந்தால் கண்டக்டரை, மழை பெய்தால் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த என்னை. அதிலும் மரியாதை குறையாது. "உங்களுக்கு மூளை இருக்குதாங்க?" என்பார்.

அவர் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. சேலத்துக்கு நானும் துணைக்குப் போனேன். டாக்டர் கட்டியில் ஊசி குத்தி ஒரு துண்டு எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு, "லேப்ல குடுத்துடுங்க" என்று இவர் கையில் தந்தார். நான் டீ குடிக்கப் போனேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

திரும்பி வந்தால் பாட்டிலில் தேன்! டாக்டருக்குக் கொடுக்க மலையிலிருந்து கொண்டுவந்த தேன்.

"எம் பொண்டாட்டி ஒடம்புங்க. அந்த நாத்தத் தண்ணியிலயா போடறது? தேனுல போட்டா பலாச்சுளையே வருசக்கணக்குல கெடாதுங்க!"

டாக்டர் கொதித்துவிட்டார். "புற்றுநோய் செல்லோட மேல்பக்கம் ரிசெப்டார்னு ஒண்ணு இருக்கும்யா. அது நிறைய இருந்தா ஒரு கீமோ மருந்து நல்லாக் கேட்கும், கம்மின்னா வேற மருந்து. அதைப் பார்க்கத்தான் அந்தத் துண்டு! இனி இதுல ஒண்ணும் தெரியாது. அந்தம்மாவை மறுபடி குத்தணும்."

"தண்ணியக் கொட்டக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாங்க?" என்று இவரும் எகிறினார். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அவர் கேட்டது நியாயம். ஒருவரும் சொல்லவில்லை.

மறுபடி ஊசி இறங்கியபோது அந்த அம்மாள் கத்தியது வராந்தா வரை கேட்டது. மிளகுக்காரர் வாய் அன்றைக்கு மூடியதுதான். ரிசெப்டார் நிறைய இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அதற்கேற்ற மருந்தை ஏற்றினார்கள். மூன்றாம் முறைக்குள் கட்டி பாதியாகச் சுருங்கியது. அதற்கும் அவர் பேசவில்லை. சோளக்காடே பயந்துபோய்க் கிடந்தது.

மூன்றாம் முறை மருந்து ஏற்றித் திரும்பிய அன்று, மலையேறும் பஸ்ஸில் மனைவி சொன்னார்: "ஏனுங்க, யாரையாச்சும் ரெண்டு வார்த்தை திட்டுங்க. நீங்க பேசாம இருந்தா, நான் செத்துருவேனோன்னு பயமா இருக்குதுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மருந்துக்கடை வெச்சிருக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா? டீ என்னங்க டீ வேண்டிக்கெடக்குது உங்களுக்கு?"

மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் திட்டினார். அந்த அம்மாள் ஆறாவது வளைவிலேயே நிம்மதியாகத் தூங்கிவிட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.