முட்டை ஓட்டின் மேல் பெண் பார்த்த கதை

அளவுக்கு மீறிய ஜாக்கிரதையைப் போல மனிதனைக் கோமாளியாக்குவது வேறொன்றும் கிடையாது. சுதந்திரத்துக்கு முந்தி நான் பெண் பார்க்கப் போனபோது, அது என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

பெண்ணுக்கு ஊர் சேந்தமங்கலம். நானும் தாய்மாமனும் மட்டும் மாட்டுவண்டியில் போனோம். வழியிலேயே மாமா எச்சரித்தார். "பொண்ணோட அப்பாவுக்கு மூக்கு மேல கோவம். போன வாட்டி வந்த பையனை ஒத்தை வார்த்தைக்கு எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டாராமா. பாத்துப் பேசு சாமி."

எனக்கோ சேலத்தில் படித்த இங்கிலீஷ் பொங்கி வந்தது. "இதைத்தான் வெள்ளைக்காரன் முட்டை ஓட்டு மேல நடக்கறதுன்னு சொல்றானுங்க மாமா. தொட்டாச்சிணுங்கி ஆளுககிட்ட, எங்க ஒடைஞ்சிருமோன்னு பயந்து பயந்து நடந்துக்கறது."

"முட்டை ஓட்டு மேல எதுக்குச் சாமி நடக்கோணும்? சுத்திப் போனா ஆகாதா?" என்றார் மாமா.

(சுத்தியே போயிருக்கலாம்.)

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து "வாங்க" என்பார்கள். பதிலுக்கு நாமும் வாய் திறந்தாக வேண்டும். மாமா பதில் சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அடுத்து பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து "வாங்க" என்றார். உரக்கப் பதில் சொன்னால் திமிர், மெல்லச் சொன்னால் அலட்சியம். யோசித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட, தலையை மட்டும் ஆட்டினேன்.

"உங்க பக்கம் மழை உண்டுங்களா?"

உண்டு என்றால் பீற்றல், இல்லை என்றால் பெண் தரமாட்டார். புன்னகைத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "பாவம், பேச வராதாட்ட இருக்குது" என்றது.

அவர் முகம் இளகிவிட்டது. விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். மறுத்துப் பேசினால் கோபித்துக்கொள்வாரே என்று, நானும் கையாலேயே ஆயிற்று என்றேன். மாமா திரும்பி வந்தபோது நாங்கள் நிலக்கடலை விளைச்சல் வரைக்கும் வந்திருந்தோம்.

"பையன் தங்கமுங்க. ஆனா கொறைய முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க" என்றார் அவர் மாமாவிடம்.

"என்ன கொறைங்க? இங்கிலீசே பேசுவானுங்க. பேசு சாமி" என்றார் மாமா.

பயத்தில் தமிழ் மறந்துபோயிற்று. அந்த முட்டை ஓட்டு வாக்கியத்தைப் பொருளோடு சேர்த்து, வகுப்பில் ஒப்பிப்பதுபோல இங்கிலீஷிலேயே ஒப்பித்தேன்.

அவர் எழுந்துவிட்டார். "வாய வெச்சுக்கிட்டா என்னையக் கையாட்ட உட்டீங்க?"

போச்சு என்று நினைத்தேன். கதவோரம் நின்ற பெண்ணை அதற்குள் பார்த்திருந்தேன். அவளை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்க எனக்கு மனசே இல்லை. அவள்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவள் அம்மாவும் சேர்ந்துகொண்டார். இன்னும் குவிந்தபடியே இருந்த தன் விரல்களைப் பார்த்த அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

மாமனார் கடைசி வரை என்னை வாயால் "வாங்க" என்றதில்லை, கையைத்தான் ஆட்டுவார். இன்றும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால், என் மனைவி சமையலறை வாசலில் நின்று விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோவாள். நானும் கையாலேயே இன்னும் இல்லை என்பேன். அதற்கு மேல் அவளால் கோபமாக இருக்க முடியாது.