சோமனூர்த் தனபால் நாய்க்குட்டியை உட்காரவைத்த படலம்

உலகம் தோன்றிய நாள்தொட்டு இன்றுவரை எழுந்த குரல்கள் அனைத்திலும் தலையாயது சோமனூர்த் தனபாலின் குரலே ஆகும். ஐயுறுவோர் அவனுடைய விசைத்தறிக் கூடத்துக்கு ஒருமுறை சென்று வருக. தறிகள் அத்தனையும் ஒருசேர முழங்க, உள்ளே வேலை செய்வோர் கைச்சாடையாலும் உதட்டசைவாலுமே நலம் விசாரித்துக்கொள்ளும் அப்பேரிரைச்சலின் நடுவே, மறுகோடியில் அசந்து நிற்கும் ஆளை நோக்கி “ஏய்ய்!” என்று அவன் ஒரு சொல் விடுத்தால், ஆள் திடுக்கிடுவார், அடுத்த கூடத்து ஆளும் திடுக்கிடுவார், வெளியே திருப்பூர்ப் பேருந்து ஒருகணம் தயங்கிச் செல்லும்.

வாழி தனபால்! இடிக்கு இளவல், சங்குக்குச் சம்பந்தி, வீட்டு விசேஷத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்காத ஒரே குடும்பத் தலைவன்! அன்னவன் வீரத்தைப் பாடத் துணிந்தோம்; முக்குத் தெருப் பிள்ளையார் எம் செவிகளைக் காக்க.

இப்பெருங்குரலோனை எதிர்த்து நின்ற பகைவன் யார்? அதே கூடத்தில் பிறந்தவன். கடைசித் தறியின் ஓரம், கழிவு நூல் குவியலே பஞ்சணையாக, கண் திறவாப் பருவத்திலிருந்தே அம்முழக்கத்தில் பாலுண்டு, அம்முழக்கத்தில் உறங்கி வளர்ந்தவன், செவிமடல் தொங்கும் செம்பழுப்பு வண்ணன், ஈரமூக்கன், இரு கைகளுக்குள் அடங்கும் ஆகிருதியன். தறியில் இடமும் வலமும் பாய்ந்து இழை கோக்கும் நாடாவைப் போல் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஓயாது பாய்ந்தமையால், அவனை வீட்டுக்குத் தூக்கிவந்த அன்றே ‘நாடா’ எனப் பெயர் சூட்டினாள் தனபாலின் இல்லத்தரசி லோகப்பிரியா.

போர் மூண்டது ஒரு துணியால். வியாபாரியிடம் மாதிரி காட்டவென்று தனபால் கொண்டுவந்து முன்னறையில் வைத்த காடாத் துணிச் சுருள், சற்றே அவிழ்ந்து, பாற்கடலின் ஓரம்போல் பரந்து கிடந்தது. நாடா முகர்ந்தான். வலம் வந்தான். பின்னங்கால் மடக்கினான். அடுத்து நிகழ்ந்ததை நாகரிகம் கருதி இக்காவியம் விவரியாது. துணி நனைந்தது என்பதோடு நிறுத்தும்.

தனபால் சூளுரைத்தான். தெரு முழுக்கக் கேட்டது.

“அம்மணி, கேட்டுக்க! ஞாயித்துக்கெழம உங்கண்ணன் வாராப்ல. அதுக்குள்ள இந்த நாய் நான் உக்காருன்னா உக்காரோணும், வெளிய போன்னா போகோணும். இல்லீன்னா உங்கண்ணங்கூடவே தொண்டாமுத்தூர்த் தோட்டத்துக்கு அனுப்பிச்சுப்போடுவேன்!”

“ஏனுங்க, அங்க ஆனை வருதுங்க!”

“வரட்டும். இது போய்க் குலைக்கட்டும்.”

இருள்மலை பெயர்ந்தாற்போல் வந்து நிற்கும் காட்டானையின் முன், உள்ளங்கை அகலமே உள்ள நாடா நின்று வாலாட்டுவதை மனக்கண்ணில் கண்ட லோகப்பிரியா, அன்று மாலையே களமிறங்கினாள். தரையில் குந்தினாள். விரல்நுனியில் இட்லித் துணுக்கு ஒன்றை ஏந்தினாள். பக்கத்தில் நிற்பவர்க்கும் கேளாத மென்குரலில், “உக்காருங்க கண்ணு” என்றாள். நாடா தலையைச் சாய்த்துப் பார்த்தான், உட்கார்ந்தான். உண்டு முடித்ததும், “வாங்க சாமி, வெளிய போயிட்டு வந்தர்லாம்” என்றாள். முருங்கை மரத்தடிக்குப் போனான். போன காரியத்தைச் செவ்வனே முடித்தும் வந்தான்.

வாசற்படியில் நின்று இதைக் கண்ட தனபால் நகைத்தான். சுவரில் மாட்டிய நாட்காட்டி ஆடியது.

“நாய்க்கு ‘ங்க’ போட்டுப் பேசறவள இன்னைக்குத்தான் பாக்கறேன்! நாளைக்கு எலை போட்டு, இன்னொரு வாய் சாப்புடுங்கன்னு உபசாரம் பண்ணுவியாட்டருக்குது? நீ கொஞ்சி அது உக்காந்தா கணக்குல சேராது. நாயின்னா அதட்டோணும். அதுவும் இங்கிலீசுல அதட்டோணும். நான் வீடியோ பாத்துட்டேன்.”

மறுநாட் காலை, ஆதவன் தென்னை உச்சியில் ஏற, வேட்டியை மடித்துக்கட்டி, மீசையை நீவி, இரு கால்களையும் கோட்டைத் தூண்களென ஊன்றி, அடிவயிற்றில் பிறந்து மார்பில் திரண்டு மிடற்றில் வெடித்த பேரொலியாய்த் தனபால் “சிட்!” என விளித்த அக்கணத்தில், அலமாரித் தம்ளர்கள் ஒன்றையொன்று முட்டின, முருங்கையில் இருந்த காகம் வேறு மரம் தேடிப் போனது, நாடாவோ, நெடுநாள் பிரிந்த உறவின் குரலைக் கேட்டவன்போல் கண்கள் செருக, தள்ளாடித் தள்ளாடி வந்து, வீரனின் வலக்காற் பெருவிரல்மேல் மோவாயை வைத்து உறங்கிப்போனான்.

“ஸ்டேண்டு!” என்றான் தனபால். குறட்டை எழுந்தது.

இங்கே வீரனின் உள்ளத்தில் நிகழ்ந்த ஒன்றை நடுநிலை தவறாது பதிவு செய்தல் கவியின் கடன். காலை உதறியிருக்கலாம், உதறவில்லை. எட்டாத தூரத்தில் கைபேசி அடித்தது. அடிக்கட்டும் என விட்டான். நூல்கடைக்காரரிடமிருந்து வந்த அழைப்பு அது.

“ஏனுங்க, போன எடுக்கறதுங்க” என்றாள் லோகப்பிரியா, அடுக்களையிலிருந்து.

“ட்ரெய்னிங்ல இருக்கறேன்.”

எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அது தறிச்சத்தத்துல பொறந்ததுங்க. நீங்க கத்துனா அதுக்குத் தாலாட்டுங்க. மெதுவாச் சொல்லிப் பாருங்களேன்.”

“தனபால் நாயிகிட்ட மெதுவாப் பேசுனான்னு ஊருக்குள்ள சொல்றதுக்கா? ஆவற காரியமா பேசு.”

வாரம் முழுதும் போர் நீண்டது. அவன் முழங்கினான், நாடா உறங்கினான். இன்னும் உரக்க முழங்கினான். நாடா மல்லாந்து உறங்கினான். பகைவரைத் தூங்கவைத்தே வென்ற வேந்தர் உண்டோ எனத் தெரியவில்லை. தோற்ற வேந்தன் ஒருவன் சோமனூரில் உண்டு.

ஞாயிறும் வந்தது. லோகப்பிரியாவின் தமையன் ஆறுச்சாமி, தோட்டத்து வேனில், தக்காளிக் கூடை ஒன்றைக் காலியாகவே கொண்டுவந்து இறங்கினார். அக்கூடையைக் கண்ட லோகப்பிரியாவின் முகம் வாடியது. தனபாலின் முகமும் ஏனோ வாடியது. மீசை அதை மறைத்தது.

“மாப்ள, நாய் பழகிருச்சுங்களா? இல்லீன்னா கூடை ரெடிங்க. நான் கெளம்பறதுக்குள்ள உங்க சொல்லுக்கு உக்காந்துருச்சுன்னா இங்கயே உட்டுப்போட்டுப் போறனுங்க.”

வீரன் மூச்சை இழுத்தான். வாழ்நாளில் சேர்த்த குரல் அத்தனையும் திரட்டினான். “சிட்!” என்னும் அவ்வொற்றைச் சொல் புறப்பட்டு வீதி கடந்தது. எதிர்வீட்டில் பேப்பர் படித்தவாறு நின்றவர் நாற்காலி தேடி அமர்ந்தார். பால்வண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். ஆறுச்சாமியே தன்னை அறியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நாடா மட்டும் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுப் படுத்தான்.

“நானே உக்காந்துட்டனுங்க மாப்ள” என்றார் ஆறுச்சாமி, பின்புறத்துத் தூசியைத் தட்டியபடி. “இவரு படுத்துட்டாரே!”

உறங்கும் நாடாவை எடுத்துக் கூடையில் கிடத்திவிட்டு அவர் சாப்பிட உள்ளே போனார். லோகப்பிரியா குழம்புச் சட்டியை இறக்கிய ஓசை வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. வாசலில் வீரனும் கூடையும் எஞ்சினர். நிலவிய அமைதியில் நாடா விழித்தான். விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, தொங்குசெவி இரண்டும் ஆட, தனபாலின் காற் பெருவிரலைத் தேடினான்; அது எட்டவில்லை.

அப்போது, இடிக்கு இளவலும் சங்குக்குச் சம்பந்தியுமான அப்பெருமகன், தெருவை இடப்புறம் நோக்கி, வலப்புறம் நோக்கி, எதிர்வீட்டார் பேப்பரில் மூழ்கிவிட்டார் எனத் தேர்ந்து, பகைவனை இரு கைகளாலும் ஏந்திக் கீழே விட்டு, உள்ளிருந்து மச்சான் கையில் சோற்றுடன் எட்டிப் பார்ப்பதையும், அவர் தோளுக்கு மேலாகத் தன் மனைவி எட்டிப் பார்ப்பதையும் அறியாதவனாய், நாற்பதாண்டுக் காலம் தன் மிடறு கண்டிராத மெல்லொலி ஒன்றை அதன் அடியாழத்தில் துழாவி எடுத்து, நாடாவின் செவிக்கு மட்டும் விடுத்து, அவன் தலைசாய்த்து நோக்க, நோக்கியவன் மெல்லப் பின்புறம் தாழ்த்தித் தரையில் அமர, அமர்ந்தவன் வாயில் காலைப் பலகாரத்து இட்லித் துணுக்கைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான்.

அப்புறம் தனபால், “வாங்க சாமி, வெளிய போயிட்டு வந்தர்லாம்” என்று நாய்க்குட்டியை முருங்கை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.