மிளகின் நன்னடத்தை

மிளகு சோபாவில் இருந்தாள். மேலே அல்ல, உள்ளே.

இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே துளை போட்டு, பஞ்சைக் கூடம் முழுக்க இறைத்துவிட்டு, வால் மட்டும் வெளியே தெரியும்படி மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தாள். பல்செட்டுக்காரர் அந்த வாலைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சாயந்தரம் அவங்க வந்துடுவாங்களே,” என்றார் வாலிடம்.

“கடிகாரக்கடை அம்மாவா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். “போன்ல அவங்ககிட்ட என்னதான் சொன்னீங்க?”

“குணம் எப்படின்னு கேட்டாங்க. தங்கம்னு சொன்னேன். வீட்டுல நாய் இருக்கிறதே தெரியாதுன்னும் சொல்லிட்டேன்.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “அது உண்மைதான். இப்பக்கூட பாதி தெரியல.”

பல்செட்டுக்காரர் வீட்டின் பின்னறையில் பல்செட் செய்து பிழைப்பவர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். மிளகு டெரியர் ஜாதி. முரட்டு முடியும் சின்னத் தாடியுமாக, முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். வளைக்குள் புகுந்து எலியை விரட்டுவதற்கென்றே அவள் முன்னோர்களை வளர்த்திருந்தார்கள். இந்த வீட்டில் எலி இல்லை என்பதற்காகக் குலத்தொழிலை விட்டுவிட முடியுமா? அதனால் சோபா. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, மேல்வரிசையும் கீழ்வரிசையும் கத்தரிக்கோல் மாதிரி அப்படியே பொருந்தும். “இந்த மாதிரி எல்லாரும் பிறந்துட்டா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்,” என்று பெருமையாகச் சொல்லுவார்.

மிளகு ஒரே ஒரு முறை குட்டி போட வேண்டும் என்பது அவர் ஆசை. அதைக் கண்டபடி செய்யக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். மூட்டு, கண், இதயம் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. பிறக்கப்போகும் குட்டிகளுக்கு நல்ல வீடுகளும் பார்த்து வைத்திருந்தார். டாக்டர் ஒன்றுதான் சொன்னார்: செய்வதென்றால் இந்த வருஷமே, அதற்கு மேல் அவள் உடம்பைப் படுத்தக்கூடாது. மிளகுக்குப் பிறகும் அவள் வாயோடு ஒரு ஜீவன் இந்த வீட்டில் ஓட வேண்டும்.

வாய் மிளகினுடையதாக இருக்கட்டும், குணம் வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும் என்பதுதான் திட்டம். அந்த வேறு யாரோ, துரை. கடிகாரக்கடை மேஜைமேல் படுத்திருக்கும் டெரியர். கடையில் இருக்கிற அத்தனை கடிகாரமும் ஒன்றாக மணி அடித்தாலும் ஒரு காதைக்கூட அசைக்காது. அதன் சொந்தக்காரி, பெண் நாயை அதன் வீட்டுக்கே போய்ப் பார்க்காமல் யாருக்கும் சம்மதம் சொல்லமாட்டாள்.

“கொஞ்சம் ஓடவிட்டுக் கூட்டிட்டு வரேன். களைச்சுப்போய் சுருண்டு படுத்துக்குவா,” என்று மிளகைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்.

களைத்தார். அவர்தான். பந்தை எறிந்து எறிந்து தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மிளகுக்கோ அப்போதுதான் சூடு பிடித்தது. பூச்செடிப் பாத்தியில் அவளை விடக் கொஞ்சம் பெரிய குழியாகத் தோண்டி, அதில் புரண்டு எழுந்து, மண் பொம்மை மாதிரி வீடு வந்து சேர்ந்தாள்.

“இந்தக் கோலத்துலயா காட்டப் போறீங்க?” என்றாள் மனைவி.

குளிப்பாட்டினார். குளித்த டெரியருக்கு என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. துண்டிலிருந்து நழுவிய மிளகு கூடத்தைச் சுற்றினாள், படுக்கையறையைச் சுற்றினாள், சன்னல் திரைக்குள் புகுந்து அதைக் கம்பியோடு இழுத்துக்கொண்டு மறுபடி கூடத்துக்கு வந்தாள். சோபாத் துளையை மறைக்க மனைவி விரித்த போர்வையில் ஈரக் கால்தடம் வரிசையாக விழுந்தது. மனைவி போர்வையைத் திருப்பிப் போட்டாள்.

“வாசல் மணி அடிச்சா குரைப்பாளே,” என்று திடீரென்று அவருக்கு நினைவு வந்தது.

“குரைக்கறது நாயோட வேலைங்க.”

“வீட்டுல நாய் இருக்கிறதே தெரியாதுன்னு சொல்லிட்டேனே.”

ஸ்டூல் போட்டு ஏறி மணியின் ஒயரைக் கழற்றிவிட்டார். இன்று செய்ததில் இது ஒன்றுதான் உருப்படி என்று தோன்றியது. மனைவி பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போனாள். இவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் போடும் டிரையரால் மிளகின் முடியைக் காயவைக்க ஆரம்பித்தார்.

டிரையரை அணைத்தபோது வாசலில் மனைவியின் குரல் கேட்டது.

“ஏங்க, இவங்க எவ்வளவு நேரமா வெளியில நிக்கறாங்க தெரியுமா? மணி அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோச்சாம்.”

மிளகைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். கடிகாரக்கடை அம்மா முகம் சுளித்து நின்றாள். பின்னால் அவள் கைப்பையைச் சுமந்தபடி அவள் கணவர். அந்த மனிதர் வணக்கத்தைக்கூடத் தலையாட்டலிலேயே முடித்துக்கொண்டார்.

“மணி ரிப்பேர் மேடம். உக்காருங்க.”

எங்கே உட்காரக்கூடாதோ, கச்சிதமாக அங்கே போய் அந்த அம்மா உட்கார்ந்தாள். கொஞ்சம் அதிகமாகவே உள்ளே இறங்கினாள்.

“நாய் எங்க?”

“தூங்குது மேடம்.”

“இந்த நேரத்துலயா?”

“எந்த நேரமும் தூங்கும். எழுப்பினாத்தான் எழுந்திருக்கும். பூனை குறுக்க போனாக்கூட திரும்பிப் பார்க்காது.” வாயைத் திறந்தால் பொய் தன்னால் வந்தது. அவருக்கே வியர்த்தது.

அந்த அம்மா பெருமூச்சு விட்டாள். திருப்திப் பெருமூச்சு என்று அவர் எடுத்துக்கொண்டார். அவள் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு பல்செட்டுக்காரர் மனைவி கொடுத்த டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நாய் அவ்வளவு அமைதியா இருக்கிறது சந்தோஷம். நான் ஒரு விஷயத்தை நேரடியாவே சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க...”

பின்னறையில் ஏதோ அலமாரித் தட்டு விழுந்தது. சரியாகச் சாத்தாத கதவு மெல்லத் திறந்தது.

மிளகு வந்தாள். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக அவர் வைத்திருந்த மாதிரி பல்செட் அவள் வாயில் இருந்தது. தாடிக்கு நடுவே மனிதப் பல்வரிசை பளபளக்க, கடன் கேட்டு வந்தவரைப் பார்க்கும் பேங்க் மேனேஜர் மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

“மிளகு, கொடு. நல்ல பிள்ளையில்ல, கொடு.”

அவர் பாய்ந்தார். நல்ல பிள்ளை அவர் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. மனைவி வழியை மறித்தாள். மிளகு திரும்பினாள், கிடைத்த பொருளைப் பத்திரப்படுத்த இந்த வீட்டில் இருக்கிற ஒரே இடத்தை நோக்கிப் பாய்ந்தாள். போர்வை சரிந்தது. நாய் மறைந்தது. கடிகாரக்கடை அம்மா உட்கார்ந்தபடியே கொஞ்சம் உயர்ந்தாள், இடதுபுறம் சாய்ந்தாள், பிறகு எழுந்து நின்றுகொண்டாள். சோபாவுக்குள்ளிருந்து பஞ்சு பறந்துகொண்டே இருந்தது.

“மேடம், நான் சொன்னது எல்லாம் பொய்,” என்றார் பல்செட்டுக்காரர். “இவ ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டா. இந்தக் குழி இன்னிக்குப் போட்டது. பூங்காவுல வேற ஒண்ணு போட்டுட்டு வந்திருக்கா. மணியையும் நான்தான் கழட்டினேன். துரை மாதிரி ஒரு சாந்தமான பையனோட சேர்ந்தா குட்டிங்களாவது அடக்கமா பொறக்கும்னு ஆசைப்பட்டேன். குட்டிங்க விஷயத்துல பொய் சொல்லி ஆரம்பிக்கக்கூடாது. மன்னிச்சுக்கங்க.”

அந்த அம்மா சோபாத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மனுஷங்களைக் கடிப்பாளா?”

“ஒரு நாளும் இல்ல. குழந்தைங்க வாலைப் பிடிச்சு இழுத்தாக்கூட நக்கிக் கொடுப்பா.”

“மூட்டு பார்த்தாச்சா? கண்ணு?”

“எல்லாம் பார்த்தாச்சு.”

“குட்டி வாங்கினவங்களால வெச்சுக்க முடியலைன்னா?”

“என்கிட்டயே திரும்பி வந்துடணும். அதுக்கு ஒத்துக்கிட்டவங்களுக்கு மட்டும்தான் கொடுப்பேன்.”

குற்றவாளியிடம் வாக்குமூலம் வாங்குவது போல அவள் கேட்டுக்கொண்டே போனாள். இவரும் தலைகுனிந்து பதில் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவள் மண்டியிட்டு, துளைக்குள் கைவிட்டு, மிளகை வெளியே எடுத்து, உதட்டை நீக்கிப் பல்லைப் பார்த்தாள். மிளகு அவள் மூக்கை நக்கினாள். அந்த அம்மா எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி வேகமாக நடந்தாள்.

அவ்வளவுதான், முடிந்தது. பல்செட்டுக்காரர் மிளகைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“விடுங்க,” என்றாள் மனைவி, அவர் தோளில் கை வைத்து. “நமக்கு இவ போதும்.”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கணவர், தெருவிலிருந்து அவள் ஏதோ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தார். அன்று முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“எப்ப கூட்டிட்டு வரலாம்னு கேட்டுட்டு வரச் சொன்னா சார். எங்க துரை சாந்தமெல்லாம் இல்லீங்க, சுத்தச் சோம்பேறி, அவன் அப்பன் தாத்தாவும் அப்படியேதான். கொஞ்சமாவது துடிப்பு இருக்கிற பொண்ணு வேணும்னு ரொம்ப நாளா தேடறோம், உங்களுது அமைதியான நாய்னு நீங்க போன்ல சொன்னதால, நேர்ல வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் கிளம்பி வந்தோம்.”