மூன்றாம் வரியில் குங்குமம்

கப்பல் துறை, பயணிகள் கூடம்
வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணி

என் சுண்டு, மகள் ராஜகுமாரிக்கு அம்மா ஒச்சம்மா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். அவ்விடம் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆவணி மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவளிடம் அதை எப்படிக் கேட்டு எழுதுவதென்று அஞ்சாம் வகுப்புவரைக்கும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆகையால் கேட்டதாக வைத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், கேம்பல் பே ஊர் ஆஸ்பத்திரியில் நீ நர்ஸாக இருந்தபோது குடியிருந்த குவார்ட்டர்ஸ் சாவியை இந்த மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும். புது நர்ஸ் பிள்ளை இடமில்லாமல் காத்திருக்கிறதாம். உன் பெட்டியையும் சாமானையும் யாராவது கட்டிக் கப்பலில் போட்டுவிடட்டுமே என்று நான்தான் சொன்னேன். அதற்கு உன் அப்பா, "எம் மக சாமானை நான் போய்த்தான் எடுப்பேன். பார்சல்ல வாங்குறதுக்கு அவ என்ன கடைச் சரக்கா?" என்றார். இந்த நடுக்குவாதம் வந்ததிலிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, ஆனாலும் இது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதனால் இன்றைக்கு வந்திருக்கிறோம். இதை விட்டால் அடுத்த கப்பல் மாதம் முடிந்த பிறகுதான். இன்றைக்கு அவர் தன் காலால் கப்பல் ஏணி ஏற வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல்.

போன மாதம் ஒரு தடவை வந்து ஏறாமலே வீடு திரும்பினோம், அந்தக் கூத்தை நான் உனக்குச் சொல்லவில்லையே. கடைசியாக லீவில் வந்தபோது காலண்டர் தாளின் பின்பக்கம் அப்பாவுக்கு என்ன எப்போது கொடுக்க வேண்டுமென்று எழுதிக்கொண்டிருந்தாய் அல்லவா, வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், கடைசியில் 'ராத்திரி' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்துவிட்டு, "மிச்சத்தைப் போன்ல சொல்றேம்மா" என்று ஓடிவிட்டாய். அந்தத் தாளை, நீ போன பிறகு, உன் கையெழுத்தாயிற்றே என்று சாமி மாடத்தில் வைத்துவிட்டேன். தினமும் பூ வைத்தேன், குங்குமம் வைத்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். படிக்கத்தான் இல்லை. படித்தால் உன் குரலில் கேட்கிறது, நான் என்ன செய்ய.

இதற்குள் புரட்டாசி வந்தது. வழக்கம்போல மீன், முட்டை கிடையாது. அந்த மாதம் எனக்குப் பருப்பு வேகவைக்கக்கூட உடம்பில் தெம்பில்லை, வெறும் ரசமும் சோறும் பூசணிக்காயும்தான். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஒரு நாள் காலையில் தானாக எழுந்து கோழிக்கூடுவரை நடந்து போய்த் திறந்துவிட்டார். மறுநாள் ரோடுவரை. நான் பெருமாள்தான் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அமிர்தவல்லியிடம் போய், "பெருமாள் கண்ணைத் தொறந்துட்டாரு"ன்னு சொன்னேன். நம்ம ஊர் சௌல்தாரி முழுக்கச் சொன்னேன். ஐப்பசி பிறந்ததும் இந்த நடை நிலைக்க வேண்டுமே, கப்பல் ஏறத் தெம்பு வேண்டுமே என்று, சூரை மீனைக் குழம்பு வைத்து, வறுத்து, அவித்த முட்டை இரண்டை மேலே வைத்து, அந்தச் சோற்றோடு மாத்திரையையும் கொடுத்துக் கூட்டிவந்தேன்.

ஏணிக்குக் கீழே வந்தார். ஒரு காலை ஏணியில் வைத்தார். மற்றக் கால் தரையில். அவ்வளவுதான், ஆள் நின்றுவிட்டார். இழுத்தேன், தள்ளினேன், முருகா என்றேன், ஆணி அடித்த மாதிரி நின்றார். பின்னால் இருநூறு பேர். ஒருவன் தலையில் கோழிக்கூடை, அது வேறு கத்துகிறது. வங்காளிக்காரர் ஒருவர் "அரே தாதா, சலோ சலோ" என்று இடிக்கிறார். ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே நின்ற கப்பல் கலாசி நம்ம தமிழ் ஆள், குனிந்து, "அம்மா, பெரியவரு ஏறுறாரா, எறங்குறாரா?" என்று கேட்டான். உன் அப்பா என் காதில், "யோசிக்கிறேன்னு சொல்லு" என்றார். சிரிக்காதே. நானும் அங்கே சிரித்துவிட்டேன், அப்புறம்தான் அழுதேன். எங்களை ஓரமாகத் தூக்கி உட்காரவைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பல் திரும்பிப் போகிறவரைக்கும் உன் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சாமி மாடத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டேன். அமிர்தவல்லிதான் உன் தாளை எடுத்துப் பார்த்து, "அக்கா, இதுல என்னமோ எழுதியிருக்கே, குங்குமம் மறைக்குது" என்று நகத்தால் சுரண்டினாள். மூன்றாவது வரி. 'மாத்திரை வெறும் வயிற்றில், முக்கால் மணி கழித்துச் சாப்பாடு. மீன், முட்டை, பருப்பு பகலில் வேண்டாம்.' நாற்பது நாள் அந்த வரியின் மேலேயே பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன் சுண்டு.

அபர்டீன் பஜார் டாக்டர் நாகலிங்கத்திடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. "மாத்திரையும் மீனும் ஒரே ஏணியிலதாம்மா ஏறுது. மீனு கூட்டமா முந்திக்கிட்டா மாத்திரை கரையிலயே நின்னுரும். மீனை ராத்திரிக்கு வச்சுக்கங்க. அதுவும் அளவா" என்றார். ஏணிக் கதையை அவரிடம் யார் சொன்னார்களோ தெரியாது.

பகல் சரியாயிற்று, ராத்திரி சரியாகவில்லை. உன் அப்பா தூக்கத்தில் கத்துகிறார். இந்த வியாதியில் அப்படி வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், டாக்டரும் சொன்னார். சத்தத்தில் நான் திடுக்கென்று விழித்தால் அவர் உட்கார்ந்துகொண்டு, அந்த நடுங்குகிற கையால் என் தோளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அமிர்தவல்லி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, ராத்திரி சத்தம் கேட்டுச்சே..." என்று இழுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "நான்தான் ஆத்தா. வியாதி" என்றார். அவ்வளவு வேகமாக அவர் பதில் சொல்லி நான் பார்த்து வருஷமாகிறது.

சாப்பாட்டில்தான் கோளாறு என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் ராத்திரி மீன். அப்புறம் சுண்டல், அப்புறம் புளி. கடைசியில் சாயங்காலக் காபி. காபிக்கு உலகத்தையே எழுதிக்கொடுக்கிற மனுஷன், டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டார். அப்போதும் கத்தல் நிற்கவில்லை. உன் தாளில் 'ராத்திரி' என்பதற்கு எதிரே நீ ஒன்றும் எழுதவில்லையே, நான் எதைப் பார்த்துச் செய்வேன்.

சரி, இன்றைக்கு நடப்பதைச் சொல்கிறேன். ஒரு மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை கொடுத்துவிட்டேன். நாலு மணிவரை தாங்கும். ஏணி இரண்டு மணிக்கு என்றார்கள், இப்போது மூன்று என்கிறார்கள். பக்கத்தில் ஒரு நல்ல மனுஷன் இரக்கப்பட்டு உன் அப்பா கையில் அவித்த முட்டை கொடுத்துவிட்டான். நான் பாய்ந்து பிடுங்கினேன். கூடமே என்னைப் பார்த்தது. "வயசான ஆளு வாயிலேர்ந்து புடுங்குறியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்று ஒரு கிழவி கேட்டாள். முட்டை என் முந்தானையில்தான் இருக்கிறது.

மணி மூன்று. ஏணியைக் காணோம்.

மூன்றரை. உன் அப்பாவுக்குக் கட்டைவிரல் ஆட ஆரம்பித்துவிட்டது. மாத்திரை இறங்குகிறது என்று அர்த்தம். சுண்டு, ஏதாவது செய்.

கூப்பிடுகிறார்கள்.

கப்பலில், பங்க் கிளாஸ் அடுக்குப் படுக்கை

ஏறிவிட்டார்! ஏணிக்குக் கீழே போனதும் போன தடவை மாதிரியே ஒரு நிமிஷம் நின்றார். எனக்கு உயிர் போய்விட்டது. மேலே அதே கலாசி. "தாத்தா, இன்னும் யோசிச்சு முடியலையா?" என்றான். உன் அப்பா ஏணியின் குறுக்குக் கட்டைகளையே பார்த்தார். வீட்டு வாசலில் கோலமாவால் கோடு போட்டு, கோட்டைத் தாண்டி நடங்கப்பா என்று நீ பழக்கியிருந்தாய் அல்லவா. ஒரு கட்டையைத் தாண்டினார், இன்னொன்று, இன்னொன்று. நான் பின்னால் முந்தானையில் முட்டையோடு. உள்ளே வந்து உட்கார்ந்ததும், "பதினாறு கட்டை" என்றார். "பதினேழாவது கப்பலு."

முட்டையைச் சாயங்காலம் நானே உரித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் உன் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவோம். இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் சேலைக்கு நடுவே வைப்பேன். உன் அப்பாவைக் கப்பலில் கத்தாமல் படுக்கச் சொல்லியிருக்கிறேன், சுற்றிலும் நூறு பேர் தூங்குகிறார்கள். எங்கே இருந்தாலும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இரு.

உன் அம்மா,
ஒச்சம்மா

பின்குறிப்பு: விடிந்துவிட்டது. பக்கத்துப் படுக்கையில் விஜயலட்சுமி என்று ஒரு டீச்சர் பிள்ளை. எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சுண்டுங்கிறது யாரு? ராத்திரி பூரா அந்தப் பேரைச் சொல்லிக் கத்துனீங்களே. பாவம், அண்ணன் தூங்கவே இல்ல, உங்க தோளைத் தட்டிக்கிட்டே இருந்தாரு" என்றது. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

"எத்தனை நாளாங்க?" என்றேன்.

"ஆவணியிலேருந்து."

"அப்ப மீனு? சுண்டலு? காபி?"

"காபிதானே புள்ள," என்றார்.

மேலே உன் அப்பா கத்துகிறார் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கான்டீனில் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு உன் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'ராத்திரி' என்று இருக்கிறது, இரண்டு புள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு ராத்திரி மீன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரி உன்னைக் கூப்பிடாமல் தூங்க நான் என்னடி சாப்பிடட்டும், சுண்டு?